வௌவால் எந்த வட்டத்துக்குள்ளே? தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலங்குகளை வகைப்படுத்தச் சொல்லிக்கொடுப்பது

காங்கயம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் ஆசிரியை கேட்டிருக்கிறார். பாலூட்டி, பறவை, ஊர்வன, இருவாழ்வி, மீன் என்று ஐந்தையும் பிள்ளைகள் கடகடவென ஒப்பிக்கிறார்களாம். வௌவால் படத்தை நீட்டினால் பறவை என்கிறார்கள். பாம்பையும் மண்புழுவையும் ஒரே கட்டத்தில் வைக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, விதிவிலக்குகளை எப்போது சொல்வது, மனிதனை எங்கே வைப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

டீச்சர், அந்த ஐந்து பெயர்களையும் முதல் நாளே கரும்பலகையில் எழுதாதீர்கள். பெயர் முன்னால் வந்துவிட்டால் பிள்ளைக்கு மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வேலை இருக்காது. எதை எதோடு சேர்ப்பது, ஏன் சேர்ப்பது என்று அவர்கள் கொஞ்ச நாள் தங்களுக்குள் வாதாடட்டும். நல்ல கூட்டம் ஒன்றை அவர்களே பிரித்தெடுத்த பிறகு, "இதுக்குப் பேரு பாலூட்டி" என்று நீங்கள் சொன்னால் போதும்.

முதல் வேலை பட்டியல். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியில் பார்க்கிற உயிர்களையெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். மாடு, நாய், ஆடு, கோழி என்று நாலைந்தில் நின்றுவிடுவார்கள். "எறும்பு?" என்று கேட்டால், "அது பூச்சிங்க டீச்சர், விலங்கு இல்லீங்க" என்பார்கள். நாலு காலும் வாலும் இருந்தால்தான் விலங்கு என்பது உலகம் முழுக்க இந்த வயதுப் பிள்ளைகளிடம் இருக்கும் எண்ணம். அதை இங்கேயே சரிசெய்துவிட வேண்டும். செடி தன் சாப்பாட்டை வெயிலையும் தண்ணீரையும் காற்றையும் வைத்துத் தானே செய்துகொள்கிறது. மற்றொன்றைத் தின்றுதான் பிழைக்க வேண்டும் என்றிருப்பது விலங்கு. எறும்பும் தின்கிறது, மீனும் தின்கிறது, நாமும் தின்கிறோம். நாலாம் வகுப்புக்கு இந்த அளவு போதும். இதைச் சொன்னதும் பட்டியல் வளரத் தொடங்கும்: எருமை, வெள்ளாடு, செம்மறி, அணில், கீரி, மயில், கொக்கு, மைனா, ஓணான், அரணை, பல்லி, சாரைப் பாம்பு, தவளை, தேரை, கெளுத்தி, தட்டான், கொசு, தேள், மரவட்டை, நத்தை, மண்புழு. பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, ஓர் அட்டைக்கு ஒரு விலங்கு என்று பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். கடையில் விற்கும் படத்தாளில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும்தான் இருக்கும். அவற்றைப் பிள்ளைகள் தொட்டதும் இல்லை, நின்று கவனித்ததும் இல்லை.

அடுத்து, தரையில் சாக்பீஸால் இரண்டு பெரிய வட்டம். ஒரு குழு தனக்குத் தோன்றியபடி அட்டைகளைப் பிரித்து வைக்கட்டும், காரணத்தைச் சொல்லக் கூடாது. மற்றக் குழு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கயிற்றில் கட்டுவது, கட்டாதது, கடிப்பது, கடிக்காதது, ராத்திரி வருவது, பகலில் வருவது. இப்படியெல்லாம் பிரிப்பார்கள். எதையும் தப்பு என்று சொல்ல வேண்டாம். ஒரே அட்டைக் கட்டை எத்தனை விதமாகவும் பிரிக்கலாம், எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்கேற்பக் கூட்டம் மாறும் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்த்துவிடுகிறது. தண்ணீரில் இருப்பது, தரையில் இருப்பது என்று ஒரு குழு பிரித்தால் தவளையை வைத்துச் சண்டை வரும். வரட்டும். இரண்டு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படும்படி அழித்து வரைந்தால், நடுவில் தவளைக்கு இடம் கிடைத்துவிடும்.

பாடத்தின் உயிர் இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலான வகுப்புகளில் விட்டுப்போவதும் இதுதான். எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம் என்றால் அறிவியல் மட்டும் ஏன் இறகையும் எலும்பையும் பாலையும் பிடித்துக்கொண்டிருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத பிள்ளைக்கு ஐந்து வகையும் யாரோ போட்ட சட்டமாகத்தான் தெரியும். நான் ஒரு விளையாட்டு வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். ஒரு பிள்ளை ஓர் அட்டையை எடுத்து மறைத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரே ஒரு செய்தி சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்த ஒன்றை வைத்து வேறு என்னவெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியும் என்று யோசிக்க வேண்டும்.

"தண்ணியில இருக்குமுங்க."

சரி, அதற்குக் கால் உண்டா? தெரியாது. மீனுக்கு இல்லை, நண்டுக்கு உண்டு. எலும்பு? தெரியாது. முட்டையா குட்டியா? தெரியாது. மீன், நண்டு, நத்தை, தலைப்பிரட்டை, தட்டானின் இளம் பருவம், திமிங்கிலம் எல்லாமே தண்ணீரில்தான் இருக்கின்றன. அந்தச் செய்தியிலிருந்து மேலே ஓர் அடியும் எடுத்து வைக்க முடியவில்லை.

"இறகு இருக்குங்க."

இப்போது பாருங்கள். இரண்டு கால், பல் இல்லாத அலகு, ஓடு உள்ள முட்டை, முதுகெலும்பு, நுரையீரல், வெதுவெதுப்பான உடம்பு. பார்க்காத பறவையைப் பற்றிக்கூட இத்தனையும் அடித்துச் சொல்லலாம். இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் பறவையைத் தவிர வேறு எதற்கும் இறகு கிடையாது. ஒன்றைச் சொன்னால் பத்து தெரிய வேண்டும், அதுதான் வகைப்படுத்த நல்ல அடையாளம். இந்த உரைகல் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டால், "பறக்கும்" என்பது ஏன் ஆகாது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கொசுவும் பறக்கிறது, வௌவாலும் பறக்கிறது. இருக்கும் இடம், தின்னும் தீனி என்று பிரிப்பதும் வீணில்லை. வாழிடம், உணவுச் சங்கிலி பாடங்களுக்கு அவை வேண்டும். இந்த வேலைக்கு ஆகாது, அவ்வளவுதான்.

நிறம் ஏன் ஆகாது என்று காட்ட உங்கள் ஊரைப் போல வாய்ப்பான ஊர் கிடையாது. காங்கயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கிறது, ஆறு மாதம் ஆகும்போது சாம்பலாகிவிடுகிறது. வளர்ந்த காளைக்குத் திமிலும் கழுத்தும் கருக்கின்றன. கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், மாடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியும். அவனை எழுப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எழுதுவதில் பின்தங்கியிருக்கும் பிள்ளைகள் பல பேர் இந்தப் பாடத்தில் வகுப்புக்கே வாத்தியாராகிவிடுவார்கள், அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வெள்ளாட்டையும் செம்மறியையும் தூரத்திலிருந்தே எப்படிப் பிரிக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளாடு வாலைத் தூக்கி வைத்திருக்கும், செம்மறிக்குத் தொங்கும்; வெள்ளாடு தழை தேடி எட்டும், செம்மறி குனிந்து புல் மேயும் என்று வரிசையாகச் சொல்வான். கம்பளி இருந்தால் செம்மறி என்று எங்காவது படித்திருந்தால் அதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நம் மேச்சேரி ஆடு செம்மறிதான், அதன் உடம்பில் கம்பளி இல்லை, குட்டை முடிதான்.

சரி, இனி மரம். தரையில் ஒரு கோடு இழுத்து அதைக் கிளை கிளையாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு கிளையிலும் ஆம், இல்லை என்று பதில் வரும் ஒரே ஒரு கேள்வி. முதல் கேள்வி முதுகெலும்பு உண்டா என்பது. பிள்ளைகள் குனிந்து, பக்கத்தில் இருப்பவர் முதுகில் விரலை ஓட்டிப் பார்க்கட்டும். பழைய எக்ஸ்ரே படம் ஒன்று கிடைத்தால் ஜன்னலில் ஒட்டிவையுங்கள். மீன் சாப்பிடும் வீட்டிலிருந்து ஜிலேபி கெண்டையின் நடுமுள்ளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லலாம். சைவ வீட்டுப் பிள்ளைகளை இதில் கட்டாயப்படுத்த வேண்டாம், எக்ஸ்ரே படமே போதும்.

பாம்பும் மண்புழுவும் பிரியும் இடம் இதுதான். இரண்டும் நீளம், இரண்டுக்கும் கால் இல்லை, இரண்டும் நெளிகின்றன. ஆனால் பாம்புக்குள் தலையிலிருந்து வால்வரை நூற்றுக்கணக்கான முதுகெலும்புத் துண்டுகள் இருக்கின்றன, மண்புழுவுக்குள் ஓர் எலும்பும் இல்லை. பூந்தொட்டி மண்ணில் ஒரு சாண் நீளம்கூட இல்லாத கரிய புழுப்பாம்பு கிடைப்பதுண்டு. பெரியவர்களே அதை மண்புழு என்று நினைத்துவிடுவார்கள். மண்புழுவின் உடம்பில் வளையம் வளையமாக இருக்கும், தொட்டால் ஈரமாகப் பிசுபிசுக்கும். புழுப்பாம்புக்கு வளையம் இல்லை, பளபளவென்ற நுண்ணிய செதில்கள்தான். விஷம் கிடையாது. ஆனாலும் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். எந்தப் பாம்பையும் கையில் எடுக்கக் கூடாது என்பது இந்தப் பாடத்தோடு சேர்ந்தே போக வேண்டிய பாடம்.

முதுகெலும்பு உள்ள கிளையில் கேள்விகள் தோலைப் பற்றியவையாக இருக்கட்டும். இறகு உண்டா? பறவை. முடியும் பாலும் உண்டா? பாலூட்டி. காய்ந்த செதில் தோலும் நுரையீரலும் உண்டா? ஊர்வன. செதில் இல்லாத ஈரத் தோலா? இருவாழ்வி. துடுப்பும் செவுளும் உண்டா? மீன். குளிர் ரத்தம், வெப்ப ரத்தம் என்ற பேச்சைத் தொடக்கப் பள்ளியில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வேலியில் வெயில் காயும் ஓணானின் உடம்பு நன்றாகவே சூடாக இருக்கும், பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

இருவாழ்விகளுக்குப் படம் போதாது, நேரில் பார்க்க வேண்டும். மழை பெய்து குட்டையில் தண்ணீர் நிற்கும்போதோ, கீழ்பவானி வாய்க்கால் பாசன வயல்களிலோ தலைப்பிரட்டைகள் கிடைக்கும். நாலைந்தை அதே தண்ணீரோடு வாயகன்ற பாத்திரத்தில் எடுத்து, கொஞ்சம் பாசியும் ஏறி உட்கார ஒரு கல்லும் போட்டு வைத்துப் பாருங்கள். பின்னங்கால் முதலில் வரும், முன்னங்கால் பிறகு, வால் சுருங்கிக்கொண்டே போகும். செவுளால் மூச்சு விட்டது நுரையீரலுக்கு மாறுகிறது. கால் முளைத்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். "ஈரிடத்தில் வாழ்வன" என்று பத்துத் தடவை எழுதியும் ஏறாதது இதைப் பார்த்தால் ஏறிவிடும்.

முதுகெலும்பு இல்லாத கிளையை ஒரு வரியில் முடித்துவிடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அறிவியல் பெயர் வைத்திருக்கும் விலங்கினங்களில் 100-க்கு 95-க்கு மேல் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நம் பிள்ளைகள் குனிந்தால் கிடைப்பவையும் அவைதான். அங்கே கால்களை எண்ணச் சொல்லுங்கள். 6 கால் என்றால் பூச்சி: எறும்பு, தட்டான், கொசு, வண்டு. 8 என்றால் சிலந்தி, தேள். முதல் மழைக்குச் செம்மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் பூச்சியை இலையில் ஏற்றி லென்ஸ் வைத்து எண்ணினால் அதற்கும் 8 கால், அதுவும் சிலந்திக் கூட்டம்தான். நண்டுக்குக் கொடுக்கையும் சேர்த்து 10. பூரானுக்கு உடம்பின் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு ஜோடி, மரவட்டைக்குப் பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடி. தேளையும் பூரானையும் படத்தில் மட்டும் எண்ணினால் போதும்.

உடுமலை, கோபி பக்கத்துப் பிள்ளைகள் பட்டுப்புழுவை மண்புழுவோடு வைப்பார்கள். வளர்ப்பு மனையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து முன்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று ஜோடி உண்மையான கால்கள், அதற்குப் பின்னால் சதைப்பற்றான போலிக் கால்கள். நாலு தடவை தோலுரித்து, கூடு கட்டி, அந்துப்பூச்சியாக வெளியே வரும்போது அந்த 6 கால் மட்டுமே இருக்கும். குஞ்சும் தாயும் எவ்வளவு வேறு உருவத்தில் இருந்தாலும் ஒரே வட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்பது தலைப்பிரட்டையிலும் இதிலும் சேர்ந்தே விளங்கிவிடும்.

இனி விதிவிலக்கு. பிள்ளை ஒரு விதியைத் தானே கட்டிய பிறகுதான் அதை உடைக்கும் விலங்கைக் காட்ட வேண்டும், அதற்கு முன்னால் காட்டினால் அது வெறும் பொது அறிவுத் துணுக்கு. முட்டை போடுவதெல்லாம் பறவை என்று ஒரு பிள்ளை சொல்லும், நாமக்கல் முட்டை தின்று வளரும் பிள்ளை வேறென்ன சொல்லும்? சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் பல்லி வைத்த வெள்ளை முட்டையைக் காட்டுங்கள். குட்டி போட்டால் பாலூட்டி என்பார்கள். கண்ணாடி விரியன் குட்டிதான் போடுகிறது, பால் கொடுப்பதில்லை. செதில் இருந்தால் ஊர்வன என்பார்கள். அழுங்கு என்னும் எறும்புதின்னியின் உடம்பு முழுக்கச் செதில், ஆனால் வயிற்றுப் பக்கம் முடி, குட்டிக்குப் பால். புறா வளர்க்கும் வீட்டுப் பிள்ளை, "எங்க புறா குஞ்சுக்குப் பாலாட்ட ஒண்ணு ஊட்டுதுங்களே" என்று கேட்டாலும் கேட்கும். உண்மைதான், அது புறாவின் தொண்டைப் பையில் ஊறுவது, பால் சுரப்பியிலிருந்து வருவதில்லை. அப்படிக் கேட்கும் பிள்ளையைக் கொண்டாட வேண்டும்.

நம் பக்கம் கடல் இல்லை. அதனால் விதிவிலக்குக்குத் திமிங்கிலத்தைத் தேடிப் போவதைவிட வௌவாலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழந்தின்னி வௌவால் தொங்கும் மரம் எல்லா ஊர்ப் பக்கத்திலும் உண்டு. படத்தைப் பெரிதாகக் காட்டி, இறகு எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. காது இருக்கிறது, பல் இருக்கிறது, உடம்பெல்லாம் முடி, குட்டி தாயின் மார்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. "அப்பறம் எதுலீங்க பறக்குது?" என்று கேள்வி வரும். எல்லாரும் கையை நீட்டி விரல்களை விரிக்கட்டும். இந்த விரல்கள் கை நீளத்துக்கு வளர்ந்து, இடையில் மெல்லிய தோல் போர்த்தினால் அதுதான் வௌவாலின் சிறகு, கட்டைவிரல் மட்டும் மேலே கொக்கியாக நிற்கும். பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய 5-ல் ஒன்று வௌவால் என்பதையும் சொல்லிவையுங்கள். நாலு கால் இருந்தால்தான் பாலூட்டி என்ற எண்ணம் அங்கே போய்விடும்.

மனிதனை எங்கே வைப்பது என்று கேட்டீர்கள். மரத்தின் கேள்விகளை நமக்கும் கேட்கச் செய்யுங்கள். முதுகெலும்பு உண்டு, முடி உண்டு, அம்மா பால் கொடுத்தார். பதில் தானாக வந்துவிடும். வீட்டில் யாராவது, "மனுசன் ஆறறிவு, அவனைப் போய் மிருகத்தோட சேர்ப்பீங்களா?" என்று கேட்கலாம். ஓரறிவு முதல் ஆறறிவு வரை நம் பழைய இலக்கணம் பிரித்து வைத்தது புலன்களையும் மனத்தையும் வைத்து. நாம் இப்போது கேட்பது உடம்பைப் பற்றி. கேள்வி வேறு, அதனால் கூட்டம் வேறு. வட்டம் போட்டு விளையாடிய பிள்ளைக்கு இது உடனே புரியும், பெற்றோருக்கும் அப்படியே சொல்லலாம்.

இந்த ஐந்து பெட்டியும் மாறவே மாறாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் 1735-ல் விலங்குகளை வகுத்து வெளியிட்டபோது திமிங்கிலத்தை மீன்களோடுதான் வைத்தார். 1758-ல்தான் பாலூட்டிகளுக்கு மாற்றினார். இன்று மரபணுவைப் படித்துப் பார்க்கிறார்கள், முதலைக்குப் பல்லியைவிடக் கோழிதான் நெருங்கிய சொந்தம் என்று தெரிகிறது. ஐந்தாம் வகுப்புக்கு இதைத் தேர்வுக்காக நடத்த வேண்டாம். உடுமலை பக்கம் அமராவதி முதலைப் பண்ணைக்குச் சுற்றுலா போனால் அங்கே நின்று சொல்லுங்கள், ஆயுளுக்கும் மறக்காது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு, திருப்பூரில் நஞ்சராயன் குளம் என்று இரண்டு பறவைச் சரணாலயங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கூழைக்கடாவும் நத்தை குத்தி நாரையும் அலகில் எவ்வளவு வேறுபட்டாலும் ஏன் ஒரே கூட்டம் என்று கரையில் உட்கார்ந்தே பேசலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. பள்ளிக்கு விலங்கைக் கொண்டுவரச் சொல்லும்போது மட்டும் கவனம். கூண்டுக் கிளியையும் நட்சத்திர ஆமையையும் யாரும் கொண்டுவர வேண்டாம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

இரண்டு வகுப்பை ஒன்றாக நடத்துவது இந்தப் பாடத்துக்கு வசதிதான். நான்காம் வகுப்பு அட்டைகளைப் பிரித்துக் காரணம் சொல்லட்டும், ஐந்தாம் வகுப்பு மரத்தின் கேள்விகளை எழுதட்டும், பிறகு நாலாம் வகுப்பு அந்த மரத்தில் நடந்து பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொல்லட்டும். வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்று ஒரு மாதம் ஒதுக்குங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

தேர்வில் "வௌவால் எந்த வகை?" என்று கேட்காதீர்கள், அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். வகுப்பில் பேசாத விலங்கின் படத்தைக் கொடுங்கள். கரூர் மாவட்டத்துக் கடவூர்க் காட்டில் இருக்கும் தேவாங்கு, வால்பாறைப் பக்கத்து இருவாட்சி, சத்தியமங்கலம் காட்டு முள்ளம்பன்றி என்று நிறைய இருக்கின்றன. எங்கே வைப்பாய், ஏன் அங்கே வைக்கிறாய், உறுதியாகச் சொல்ல இன்னும் என்ன பார்க்க வேண்டும் என்று மூன்று கேள்வி. மதிப்பெண்ணில் பெரும்பங்கு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் போகட்டும். முள்ளம்பன்றியைத் தப்பான கிளையில் வைத்துவிட்டு, "முள்ளு முடியா செதிலான்னு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்று எழுதும் பிள்ளைக்குத் தாராளமாகப் போடுங்கள். அந்த முள் முடிதான், தடித்து இறுகிப்போன முடி. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள்.